ஷார்ட்டேஜ் 0.19

எங்கள் கம்பெனியில் எந்தப் பொருளும் தொலையாது. ஷார்ட்டேஜ்தான் ஆகும். தொலைந்தால் பொருளைத் தேடுவார்கள். ஷார்ட்டேஜ் ஆனால் ஆளைப் பிடிப்பார்கள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஆறு வருடமும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் தேவைப்பட்டன.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். திருப்பூரிலிருந்து மங்கலம் போகிற வழியில் ஏதோ ஒரு பெரிய கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைச் சொல்வதில் வெட்கம் இல்லை. விஜயராணி. ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். பேட்டர்ன் பிரிவில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பனியனுக்கு அளவு வரைவது என் வேலை. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி. வரைந்ததை எல்லாம் சேர்த்து வைக்க ஸ்டோர்ஸில் எனக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் கொடுத்தார்கள். அட்டைப்பெட்டியில் 2 டி.பி., அதாவது இரண்டு டெராபைட், என்று போட்டிருந்தது. நானும் '2 டி.பி. பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டேன். நான் செய்த குற்றம் அந்தக் கையெழுத்துதான்.

போன மாதம் அவிநாசி பக்கம் இன்னொரு கம்பெனியில் பேட்டர்ன் பிரிவுக்கே தலைமையாக என்னைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரிலீவிங் லெட்டரோடு வர வேண்டும். லெட்டர் இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் முறையாக ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தேன். கடைசி நாள் சனிக்கிழமை. புதன்கிழமை காலையிலேயே டிஸ்க்கைத் துடைத்து, அதே அட்டைப்பெட்டியில் வைத்து, கம்ப்யூட்டர் பிரிவு சுரேஷிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சுரேஷ் டிஸ்க்கைச் செருகிப் பார்த்தார். திரையில் 1.81 என்று வந்தது.

"அக்கா, பெட்டில ரெண்டுன்னு எழுதியிருக்குதுங்க. ஒண்ணு புள்ளி எட்டு ஒண்ணுதான் காட்டுது."

"எல்லா டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும் சுரேஷ். தயாரிக்கிறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுதான். கம்ப்யூட்டரு ஆயிரத்து இருபத்திநாலு, ஆயிரத்து இருபத்திநாலா எண்ணுது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுமுங்கக்கா." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா ரிட்டர்ன் ஃபாரத்துல 'தெரியும்'னு எழுத எடமில்லீங்க. கொடுத்தது, வந்தது, ஷார்ட்டேஜ். மூணு கட்டம்தான்."

மூன்று கட்டத்தையும் நிரப்பினார். 2.00. 1.81. 0.19. பிறகு கால்குலேட்டரைத் தட்டினார்.

"நூத்துக்கு ஒம்பதரை வருதுங்க. அஞ்சுக்கு மேல போயிருச்சு. இது கமிட்டிக்குத்தான் போகோணும்."

அந்த ஐந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகி, டையிங்குக்குப் போய்ச் சாயமேறித் திரும்பும்போது எடை கொஞ்சம் குறையும். நூற்றுக்கு ஐந்து கிலோ வரை எங்கள் கம்பெனி பெருந்தன்மையோடு மன்னித்துவிடும். அதற்கு மேல் போனால் ஷார்ட்டேஜ். இந்த விதியை எழுதியவர் நஞ்சப்பன். துணி ஸ்டோரில் வேலையைத் தொடங்கி, ஒரு ரோலைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற திறமையால் நிர்வாகப் பொது மேலாளர் ஆனவர். நாற்காலி மாறியபோதும் தராசை அவர் கீழே வைக்கவில்லை. துணிக்கு எழுதிய விதியைக் கத்தரிக்கோலுக்கும், பேனாவுக்கும், டம்ளருக்கும் நீட்டினார். இதுவரை அறுபத்தொரு சர்க்குலர் போட்டிருக்கிறார். ஷார்ட்டேஜ் கமிட்டியின் தலைவரும் அவரே.

வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். நஞ்சப்பனுக்குப் பக்கத்தில் குறிப்பெடுக்க ஹெச்.ஆர். சித்ரகலா உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்க அம்மிணி. பயப்படாதீங்க. நம்ம கம்பெனில யாரையும் திருடின்னு சொல்றதில்லீங்க. ஷார்ட்டேஜ் பார்ட்டின்னுதான் சொல்லுவோம்."

நான் ஆயிரத்தையும் ஆயிரத்து இருபத்திநான்கையும் பொறுமையாகச் சொன்னேன். அவர் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது தயாரிச்சவன் ஒரு தராசுல போடறான், நம்ம கம்ப்யூட்டர் இன்னொரு தராசுல போடுது. இது நமக்குப் புதுசுங்களா? மில்லுக்காரன் எடையும் நம்ம எடையும் என்னைக்கு ஒத்துப்போயிருக்குது? அதுக்குத்தான் சரக்கு உள்ள வந்த அன்னைக்கே எடை போட்டு வாங்கோணும். நீங்க போட்டீங்களா?"

"டிஸ்க்க எப்படி சார் எடை போடுதது?"

"போடலை. எழுதிக்குங்க சித்ரகலா."

இப்போதாவது போட்டுவிடலாம் என்று டிஸ்க்கைத் துணி ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருப்பது ரோல் எடை போடுகிற பிளாட்பாரத் தராசு. அதன் நடுவில் டிஸ்க்கை வைத்ததும் பூஜ்யம் என்று காட்டியது. நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முழுசும் போயிருச்சுங்களே," என்றார்.

அந்த எடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சித்ரகலாதான் கெஞ்சிக் கேட்டு என்னைக் காப்பாற்றினாள். அடுத்து நஞ்சப்பன் ஊசிக்கு வந்தார். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் லைனையே நிறுத்தித் தேடுவார்கள். குழந்தைகள் போடும் பனியனில் ஊசித்துண்டு போகக் கூடாது என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நஞ்சப்பனுக்கு நியாயம் மறந்துபோய் டேப் மட்டும் ஞாபகம் இருந்தது.

"அந்த பாயிண்ட் ஒண்ணு ஒம்பது எத்தன துண்டாப் போயிருந்தாலும் பரவால்லீங்க. பொறுக்கிக் கொண்டாந்து ஒட்டிக் குடுத்துருங்க. லெட்டர வாங்கிட்டுச் சந்தோசமாப் போங்க."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல சார். இல்லாதத எப்படிப் பொறுக்க?"

"இல்லாததுக்கு எப்படிங்க பாயிண்ட் ஒண்ணு ஒம்பதுன்னு அளவு வரும்?"

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அன்று மதியம் கேட்டில் செக்யூரிட்டி ஆரோக்கியராஜ் என் பையைச் சோதித்தார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்காமலே டிபன் பாக்ஸைத் திறந்து, கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, 'புளிச்சோறு 1, டி.பி. இல்லை' என்று ரெஜிஸ்டரில் எழுதினார். சர்க்குலர் பன்னிரண்டின்படி என் போட்டோ நோட்டீஸ் போர்டில், பூட்டிய கண்ணாடிக்குள் ஏறியது. கீழே 'விஜயராணி, டி.பி., 0.19' என்று போட்டிருந்தார்கள். டெய்லர்கள் அதை நோய் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை. ஒரு அக்கா தினமும் முட்டை சாப்பிடச் சொன்னார்.

சனியன் ஒழியட்டும் என்று என் சொந்த 256 ஜி.பி. பென் டிரைவைக் கொண்டுபோய் நஞ்சப்பன் மேஜையில் வைத்தேன். காணாமல் போனதைவிட அதில் அதிகமாகவே இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

"இது வேற லாட்டுங்க அம்மிணி. ஒரே பனியன்ல ரெண்டு லாட் துணி போட்டா கலர் ஒத்துப்போகாம ஷேட் அடிச்சிருமுங்களே. உங்களுக்கு நான் சொல்லோணுமுங்களா?"

பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. டையிங்கிலிருந்து இழுபட்டு, இறுகிச் சுருண்டு வருகிற துணியை வெட்டுவதற்கு முன் பிரித்து ரேக்கில் இருபத்திநான்கு மணி நேரம் சும்மா போட்டுவைப்போம். இழுத்த இழுப்பு விட்டுப்போய், சுருங்கிய அகலம் திரும்பி வரும். இதற்கு ரிலாக்ஸேஷன் என்று பெயர்.

"ஆறு வருசமா அம்மிணி போட்டு அமுக்கி அமுக்கி வெச்சிருக்கறாங்க. டிஸ்க்கு இறுகிப் போயிருக்குமுங்க. ரிலாக்ஸேஷன்ல போடுங்க. அகலம் திரும்புதான்னு பார்க்கலாம்."

சுரேஷ் வாயைத் திறந்தார். நஞ்சப்பன் அவரைப் பார்த்தார். சுரேஷ் வாயை மூடிக்கொண்டு டிஸ்க்கை எடுத்துப் போனார். நேவி புளூ துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவில் என் டிஸ்க் 'தொடாதே' என்ற லேபிளோடு படுத்துக்கொண்டது. ரேக்கில் போட்ட நேரத்தையும் திரும்ப எடுக்க வேண்டிய நேரத்தையும் கட்டிங் மாஸ்டர் அட்டையில் குறித்துவைத்தார்.

டிஸ்க் ஓய்வெடுத்த நேரம் முழுக்க நான் ஹெச்.ஆர். ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்த்திவைக்கப்பட்டேன். பெஞ்சுக்கு மேலே ஆணியில் சர்க்குலர் ஃபைல் தொங்கியது. கோபத்தில் கை சும்மா இருக்கவில்லை. எடுத்துப் படித்தேன். அறுபத்தொன்றையும், தேதியோடு, கீழே இருந்த நகல் விவரத்தோடு படித்தேன். இவ்வளவு கவனமாக அவற்றைப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஹவுஸ் கீப்பிங் மூக்கம்மாள் அக்கா பெருக்கிக்கொண்டே என் பக்கம் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்து மனுஷி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"காலத் தூக்கு தாயி. ஒன்னையும் ஒக்கார வச்சிட்டாவளா?"

"ஆமாக்கா. காத்தளவுகூட இல்லாத ஒண்ண நான் எடுத்துட்டேன்னு சொல்லுதாங்க."

"எனக்கு வாரியல்," என்றார். கையிலிருந்த துடைப்பத்தைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஸ்டோர்ஸில் கொடுக்கும்போது குச்சியை எண்ணி முன்னூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார்களாம். திருப்பிக் கொடுக்கும்போது இருநூற்று எழுபத்தாறு இருந்ததாம். அதற்கும் முன்னால் வேறொரு தகராறு. ரெஜிஸ்டரில் எழுதியிருந்தது 'சீமாறு'. அக்கா 'வாரியல் கொண்டாந்திருக்கேன்' என்றிருக்கிறார். கொடுத்த சீமாறு எங்கே, கொடுக்காத வாரியல் எப்படி வந்தது என்று அரை நாள் விசாரணை நடந்தது.

"பொறவு முத்தத்துல நிப்பாட்டிட்டாக. சித்திரை வெயிலு. ஒடஞ்ச குச்சியப் பொறுக்கிட்டு வான்னு சொல்லிட்டாக. பெருக்குன குப்பைக்குள்ள குச்சியத் தேடி நான் எங்க போவேன்? கேன்டீன் தென்னையில ஒரு ஆள ஏறச் சொல்லி, ஓல வெட்டி, நாப்பது ஈர்க்கு கிழிச்சுச் சொருகிக் குடுத்தேன். நாலு கூடுதலா இருக்குன்னு அதுக்கும் எழுதி வாங்கிக்கிட்டாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஷார்ட்டேஜு நில்லு, ஒண்ணும் பாக்கியில்லன்னு சர்டிபிகேட்டு குடுத்தாக. லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன். இந்தக் கம்பெனியில வேற யாருக்கும் கெடச்சதில்லன்னு சித்ரகலாப் பொண்ணு சொல்லிச்சு."

என் மடியில் சர்க்குலர் ஃபைல் நாற்பத்தேழாம் சர்க்குலரில் திறந்திருந்தது. அதை இன்னொரு முறை படித்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

மதியம் டிஸ்க்கை ரேக்கிலிருந்து எடுத்துச் செருகினார்கள். 1.81. நஞ்சப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நாங்களும் எங்களால ஆனதெல்லாம் பண்ணிட்டோமுங்க. இனி ஒரு வழிதான். 'நான் 0.19 டி.பி.யை எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்'னு எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கே லெட்டர் குடுத்தர்றோம். கீழ சின்ன எழுத்துல 'ஷார்ட்டேஜ் பார்ட்டி'ன்னு மட்டும் இருக்கும். உண்மைதானுங்களே."

அந்தச் சின்ன எழுத்தோடு எந்தக் கம்பெனிக் கேட்டும் எனக்குத் திறக்காது. அது அவருக்கும் தெரியும். பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். பேனாவின் மூடி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நான் எழுதினேன். அவர் சொன்னதை எழுதவில்லை. 'என் ஒருத்தியிடம் மட்டும் ஷார்ட்டேஜ் இருக்க வாய்ப்பில்லை. கம்பெனியின் நலன் கருதி, பதவி பாராமல், எல்லா டிஸ்க், லேப்டாப், பென் டிரைவையும் உடனே சோதித்து, சர்க்குலர் பன்னிரண்டின்படி போர்டில் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன். நஞ்சப்பன் படித்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"பாருங்க சித்ரகலா. தப்புப் பண்ணின அம்மிணிக்கே கம்பெனி மேல எத்தன அக்கறைன்னு. இதத்தான் நானு முப்பத்திரண்டு வருசமா எதிர்பார்த்தனுங்க."

சனிக்கிழமை காலை உறுதிமொழி நேரத்தில் ஆயிரம் பேர் முன்னால் மைக்கைப் பிடித்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது. போன தடவை ஆடிட்டர் நம் ஷார்ட்டேஜ் போர்டைப் படம் பிடித்து, முன்மாதிரி என்று ரிப்போர்ட்டில் போட்டார். இந்தத் தடவை அதைத்தான் முதலில் காட்டச் சொல்லியிருக்கிறார். இதை எல்லாம் சொல்லிவிட்டு நெஞ்சில் கையை வைத்தார்.

"என்ற டிஸ்க்கிலிருந்தே ஆரம்பிங்க. முப்பத்திரண்டு வருசத்துல ஒரு முழம் நூல்கூட நானு ஊட்டுக்குக் கொண்டுபோனதில்லீங்க. துணிதான் கொண்டுபோயிருக்கறேன். அதும் வேஸ்ட்டுன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டுத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சுரேஷ் காலை ஒன்பது மணிக்குச் சோதனையைத் தொடங்கினார். பன்னிரண்டு மணிக்குள் நூற்று நாற்பத்து மூன்று பொருட்களைப் பார்த்துவிட்டார். நூற்று நாற்பத்து மூன்றும் ஷார்ட்டேஜ். நஞ்சப்பன் அலமாரியில் இருந்த கேமரா பதிவு டிஸ்க்தான் எல்லாவற்றிலும் பெரியது. கொடுத்தது 4.00. வந்தது 3.63. ஷார்ட்டேஜ் 0.37. சுரேஷ் அதை உரக்கப் படித்தார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

போர்டில் பெரிய ஷார்ட்டேஜ் மேலே, சின்னது கீழே என்பது பன்னிரண்டாம் சர்க்குலர். ஆரோக்கியராஜ் கண்ணாடியைத் திறந்து என் போட்டோவை ஆறாவது இடத்துக்கு இறக்கினார். முதலிடத்தில் நஞ்சப்பனின் போட்டோவை ஒட்டி, ஓரத்தை விரலால் நன்றாக நீவிவிட்டு, பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். டெய்லர்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பாவம், பெரிய சாருக்கு முற்றிவிட்டது என்று அந்த முட்டை அக்கா வருத்தப்பட்டார்.

இரண்டு மணிக்கு நஞ்சப்பன் எங்கள் எல்லோரையும் கமிட்டி ரூமுக்குக் கூப்பிட்டார். வேர்த்திருந்தார்.

"இது ஷார்ட்டேஜே இல்லீங்க. தயாரிக்கறவன் ஆயிரத்துல எண்ணறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்திநாலுல எண்ணுது. எண்ணற வித்தியாசமுங்க. படிச்சவங்களுக்கு இது புரியோணும்."

"இல்லாததுக்கு எப்படி சார் பாயிண்ட் மூணு ஏழுன்னு அளவு வரும்?" என்று கேட்டேன்.

சித்ரகலா பழக்க தோஷத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்க்காமல் பேனாவை எடுத்தார். "ஒரே கையெழுத்துல எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிர்றேன். பேப்பர் கொண்டாங்க."

"முடியாதுங்க சார்," என்றாள் சித்ரகலா. "நாற்பத்தேழுங்க. ஷார்ட்டேஜ் பார்ட்டி ஷார்ட்டேஜைத் தள்ளுபடி செய்து கையெழுத்திடக் கூடாது. நில் சர்டிபிகேட் வாங்கி ஒரு வருடம் ஆனவர் மட்டுமே, பொருளைத் தானே நேரில் பார்த்துக் கையெழுத்திடலாம். நீங்க எழுதினதுங்க."

ஜெர்மனியில் கண்காட்சிக்குப் போயிருந்த முதலாளிக்கு நஞ்சப்பன் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. "ஆடிட் வர்றப்ப ரூலை மாத்திட்டு நிக்காதீங்க நஞ்சப்பன். உங்க ரூல்தானுங்களே. நில் யாருகிட்ட இருக்குதோ அவங்ககிட்ட வாங்கிக்குங்க." போன் நின்றது.

யாரிடம் இருக்கிறது என்று சித்ரகலா ரெஜிஸ்டரைப் புரட்டினாள். எனக்குத் தெரியும். அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தது. கண்டுபிடித்ததும் சிரிப்பை அடக்க இருமினாள்.

மூக்கம்மாள் அக்கா மூன்று மணிக்கு வந்தார். கையில் லேமினேஷன் சர்டிபிகேட். வாரியலைச் சுவரில் சாய்த்துவைத்தார். நஞ்சப்பனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த ரூமை எட்டு வருடமாகப் பெருக்கியவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என் ஃபாரத்தை முதலில் நீட்டினேன். டிஸ்க்கை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஒடையல, கீறல. நல்லாத்தான வச்சிருக்க," என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாக மூக்கம்மாள் என்று கையெழுத்துப் போட்டார். அடுத்து சுரேஷுக்குப் போட்டார். சித்ரகலாவின் பென் டிரைவைப் பார்க்கவே இல்லை. "முத்தத்துல நின்னப்ப எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்த பொண்ணு," என்று சொல்லிப் போட்டார். அரை மணியில் சித்ரகலா என் ரிலீவிங் லெட்டரை அடித்துக் கையில் கொடுத்தாள். ஷார்ட்டேஜ்: நில். சின்ன எழுத்தில் எதுவும் இல்லை. அதை மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டேன். கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இதைப் பார்க்காமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

வரிசையில் கடைசியாக நஞ்சப்பன் தன் டிஸ்க்கையும் ஃபாரத்தையும் மேஜையில் வைத்தார். மூக்கம்மாள் அக்கா ஃபாரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"குடுத்தது நாலு. வந்தது மூணு புள்ளி ஆறு மூணு."

"அது எண்ணற வித்தியாசமுங்க மூக்கம்மா."

"இருக்கும் சார். எனக்கு அந்த வெவரமெல்லாம் தெரியாது. அன்னைக்கு குச்சி தேஞ்சுபோச்சுன்னு நானும் சொன்னேன். தேயுத கணக்கு ரூலுல இல்லன்னுட்டீக."

"அதுக்கு இப்ப என்ன பண்ணோணுமுங்க?" முப்பத்திரண்டு வருடத்தில் அவர் யாரையும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

அக்கா பேனாவை மூடினார். எழுந்து வாரியலை எடுத்துக்கொண்டார்.

"ரேக்குல போடுங்க சார். இருபத்திநாலு மணி நேரம். அகலம் திரும்புதான்னு பாப்போம். நாளைக்கு ஞாயித்துக்கெழம, எனக்கு லீவு. திங்கக்கெழம ரெண்டு மணி ஷிப்டு. வந்து பாக்கேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆடிட்டர் முதலில் அந்தப் போர்டைத்தான் பார்ப்பார் என்பது அந்த ரூமில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அன்று காலை ஆயிரம் பேரில் ஒருவராக நின்று அவரும் கேட்டிருந்தார்.

நஞ்சப்பன் டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரேக் இருக்கிற பக்கம் நடந்தார். கட்டிங் மாஸ்டர் அட்டையையும் பேனாவையும் எடுத்தார். லேபிளை நான் எழுதித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். 'தொடாதே' என்று, பேட்டர்னில் எழுதுவதுபோல் நேர்கோட்டில், பெரிய எழுத்தில் எழுதினேன். ஆறு வருடத்தில் அந்தக் கம்பெனிக்காக நான் மனம் விரும்பிச் செய்த வேலை அது ஒன்றுதான்.